கை சொன்ன பொய்

1944 சித்திரை. மீன்சுருட்டிக் களத்தில் உச்சி வெயிலில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து கொப்பரை அடுப்பை விட்டு நகராமல் நின்ற வீரமுத்து, ஏதோ உளறியபடி அப்படியே சாய்ந்தான்.

சிந்தாமணிக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான். ஆவி பறக்கும் நெல்லைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து புருஷன் நெற்றியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மாமனார் அய்யம்பெருமாளும் தொட்டார், வேலையாட்களும் தொட்டார்கள். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருவர் கம்பளியைப் போர்த்தினார், ஒருவர் உள்ளங்காலில் சுக்குப் பொடி தேய்த்தார். அய்யம்பெருமாள் சுடச்சுடக் கஷாயம் கொண்டுவர ஆள் அனுப்பினார். ஊரில் யாருக்கு உடம்பு சில்லிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்; அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சிந்தாமணியும் கால் தேய்க்கத்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. களத்தில் அத்தனை பேரும் வேர்வையில் குளித்திருக்க, இவன் தோல் மட்டும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பிறந்த ஊரான அரியலூரில் யுத்தகால முதலுதவி வகுப்புக்குப் பத்து நாள் போனவள் அவள். சூடு பார்க்க உள்ளங்கையை நம்பாதே, துணியை விலக்கி வயிற்றில் புறங்கையை வை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நெல் ஆவியில் வெந்த கைக்கு உள்ளென்ன, புறமென்ன? அவனைத் தொட்டவை எல்லாமே அப்படிப்பட்ட கைகள்தான்.

கம்பளியை வாரி எறிந்தாள். அத்தனை ஆண்களும் பார்க்க, குனிந்து புருஷன் வயிற்றில் கன்னத்தை வைத்தாள். சுட்டது.

"கொதிக்குது மாமா. நம்ம கை அதைவிடச் சூடா இருக்கு, அதான் தெரியல. கஷாயம் வேணாங்க, தண்ணி ஊத்தணும்."

நினைவில்லாதவன் மேல் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று அவள் எடுக்கப்போன குடத்தை அவர் மறித்தார். அதுவரை மாமனாரை நிமிர்ந்துகூடப் பார்த்திராதவள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீங்களே கன்னத்தை வச்சுப் பாருங்க."

வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

பிறகு களமே அமளிப்பட்டது. அவனை வேப்ப மர நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். தொட்டித் தண்ணீர் குடம் குடமாக வந்தது, முறங்களெல்லாம் விசிறியாயின. எல்லோரையும்விட அதிகம் ஊற்றியவர் அய்யம்பெருமாள்தான். காயப்போட்ட நெல்லுக்குள் தண்ணீர் வாய்க்காலாக ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. எத்தனையாவது குடமோ, வீரமுத்து கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தான்.

"அப்பா, நெல்லு நனையுது."

ஒரு பிடி நெல் சிந்தினாலே ஊரைக் கூட்டுகிற மனிதர் அவர்.

"நனையட்டும்டா," என்றார், இடுப்புக் குடத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டே.