கண்ணாடிக்குத் தொந்தி

சுவரில் ஓட்டை விடுவது பூச்சுக்காரருக்குப் பிடிக்காது. சிமெண்டு தின்று வெடித்த கையால் வழவழவென்று பூசி முடித்த பிறகு, நடுநடுவே குழாய் வாய் பிளந்துகொண்டு நின்றால் வயிறு எரியாதா? அதுவும் அது அவருடைய அக்கா வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சுவர். மேட்டுத் தெருவின் மண் மொத்தமும் அதன் முதுகில்தான் சாய்ந்திருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அக்கா கண்ணில் படுவதும் அதுதான்.

அதனால், சுவருக்குக் கணக்குப் போட்ட என்ஜினியரம்மா பார்த்துவிட்டுப் போன மறுநாளே, ஓட்டைகளை எல்லாம் கலவையால் அடைத்து, மட்டப்பலகையால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

"கண்ணாடி கெட்டுது போ!" என்றாள் அக்கா. அந்தச் சந்தோஷத்தில் பூச்சுக்காரருக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டேனா பார் என்று கொட்டி ஓய்ந்த காலையில் அக்கா புருஷன் போன் செய்தார்.

"மாப்ளே, உன் கண்ணாடிக்குத் தொந்தி போட்டிருக்கு. வந்து பாரு."

பூச்சுக்காரர் போனபோது அக்கா அடுப்பையும் சட்டிபானையையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தாள். என்ஜினியரம்மா நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நடுவில் புடைத்திருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள இந்தத் தள்ளு அடங்கலைன்னா சுவரை இடிக்கணும். அதுவரைக்கும் வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும்" என்றாள் என்ஜினியரம்மா. "ஓட்டை எல்லாம் எங்கே?"

பூச்சுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் அக்கா.

"அசிங்கமா இருந்துச்சேன்னு... அடைச்சிட்டேன்க்கா."

என்ஜினியரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மண்ணு தள்ளும்னு தெரிஞ்சுதான்யா கணக்குப் போட்டேன். ஆழம் போகப்போக தள்ளு கூடும், அதான் அடியில அவ்வளவு தடிமன். சுவர் துளி அசைஞ்சு குடுத்தா மண்ணு தன்னையே கொஞ்சம் புடிச்சுக்கும், தள்ளு குறையும். தண்ணிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. எவ்வளவு விலகினாலும் பின்னாடியே வந்து தள்ளும். அதை வெளியே விடத்தான்யா அந்த ஓட்டை."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"என்னை எதுக்குடி இழுக்கற?" என்றார் அவர்.

ஆட்கள் வந்து சுவருக்கு மரமுட்டு கொடுத்தார்கள். அது அசையாது என்று தெரிந்த பிறகே என்ஜினியரம்மா துளைக்கிற மிஷினைப் பூச்சுக்காரர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் அவருக்கு வியர்த்தது. ஓட்டை எங்கே என்று அவருக்கே தெரியவில்லை! அவ்வளவு சுத்தமான பூச்சு. பூச்சுக் கரண்டியின் காம்பால் தட்டினார், எல்லா இடமும் ஒரே சத்தம்.

"திருடன் கூட ஒளிச்சு வச்ச இடத்தை மறக்க மாட்டான் மாப்ளே!"

"சும்மா இருங்க மாமா!"

கடைசியில் கன்னத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தார். ஓரிடத்தில் சில்லென்றது. மிஷினை வைத்து அழுத்தினார். படக்கென்று சில்லு பெயர்ந்து, செம்மண் தண்ணீர் நேராக அவர் வாயிலேயே பீய்ச்சியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லாக் குடிடா! உன் கைவேலைதானே!"

ஒன்று கிடைத்ததும் மற்றவை அதே வரிசையில் கிடைத்தன. மத்தியானம் முழுக்கச் சுவர் மூக்கு ஒழுகியது. வெயில் சாய்ந்தபோது என்ஜினியரம்மா மறுபடி குண்டைப் பிடித்தாள்.

"காலையில இருந்த இடத்துலயேதான் இருக்கு. தொந்தி கரையாது, இனிமே வளரவும் வளராது. முட்டு இருக்கட்டும், நான் வந்து பார்த்துட்டு எடுக்கச் சொல்றேன். நீங்க உள்ள போய்ச் சமைங்கம்மா."

அக்கா அடுப்பைத் தூக்கினாள். பூச்சுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் எலி கடித்த மாதிரி இருந்தது. முட்டுக்கு அடியில் போட்ட கலவை சட்டியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. கை தானாகக் கரண்டிக்குப் போனது.

"ஓரத்தை மட்டும் லேசா..."

அக்கா அடுப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து கரண்டியைப் பிடுங்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டு, வீட்டுக்குப் போறப்ப வாசல்ல வாங்கிக்கோ."