என் பெயர் போட்ட வாங்கு

தெருவுக்கு விளக்குப் போட்டால் கடையை விட்டுக் கலைப்பார்கள் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். யோகராணி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான் என்று என் மனுசன் றமேஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

நாங்கள் வந்து குடியேறின இந்தக் குளிர் நாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் எனக்குச் சாறி பிளவுஸ் தைக்கிற கடை இருந்தது. பக்கத்தில் மஃரூப் நானாவின் இறைச்சிக்கடை. குளிர்காலத்தில் பின்னேரம் ஐந்து மணிக்கே அந்தத் தெரு கும்மிருட்டாகிவிடும். அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் காரை விட்டு இறங்கப் பயந்து, "அன்ரி, நாளைக்குப் பகலில வாறன்" என்று போன் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். நாளைக்கு எவள் வருகிறாள்? வேலைக்குப் போகிற பிள்ளைகள், பகலில் எப்படி வருவது? என் பிள்ளைகள் இரண்டையும் படிப்பித்த கடை கண்ணுக்கு முன்னால் படுத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பி நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த நேரம்தான் மஃரூப் நானா தெருச் சங்கக் கதையை எடுத்தார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி, தெருவில கட்டடம் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் கொஞ்சம் மேல்வரி கட்டவேணும். சிற்றிக் கவுன்சில் அதைச் சேர்த்தெடுத்துச் சங்கத்திட்டையே திருப்பித் தரும். அதில லைட் போடலாம், மரம் நடலாம், குந்தியிருக்க வாங்கு வைக்கலாம். ஆனா முதல்ல வாக்கெடுப்பு. கட்டடக்காரர் ஓமெண்டு போட்டால்தான் காரியம் நடக்கும்."

மேல்வரி கட்டடக்காரர் பெயரில்தான் வரும். பிறகு மெல்ல இறங்கி எங்கள் வாடகைக்குள் குந்திக்கொள்ளும். அது எனக்குத் தெரியாமலில்லை. வெளிச்சம் வேண்டுமென்றால் கொடுக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வருசம் முழுக்க நான் தைத்ததைவிட நடந்ததுதான் கூட. பூட்டுக்குத் திறப்பு வெட்டுகிற கிரேக்கக் கிழவர், மருந்துக்கடைச் சீனப் பெண் என்று கட்டடம் வைத்திருந்த எல்லாரிடமும் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் போய்க் கதைத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டாத ஒரே தலை எங்கள் கட்டடக்காரர் சச்சிதானந்தன் அண்ணையின் தலை. எங்கள் வரிசைக் கடைகள் முழுக்க அவருடையவை.

யூனியன்வில்லில் இருக்கிற அவருடைய வீட்டுக்கு ஒரு தட்டு றோல்ஸோடு போனேன். அவர் றோல்ஸை எடுத்தார், கதையை எடுக்கவில்லை.

"வரியைக் கூட்டச் சொல்லி நானே கையைத் தூக்கிறதோ? உமக்கென்ன விசரே தங்கச்சி?"

"அண்ணை, தெரு வடிவாயிருந்தா ஆருக்கு லாபம்? உங்கட கட்டடத்துக்குத்தானே பெறுமதி ஏறும். யோசிச்சுப் பாருங்கோ."

அவர் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு என்ன பெருமை! வசமான இடத்தில் தொட்டுவிட்டேன் என்று காரில் வரும்போது றமேஸுக்கு மூன்று தரம் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கடைக்கு எழுதின ஒப்பந்தம் எப்போதோ முடிந்திருந்தது. புதுப்பிக்கக் கேட்டபோது, "அண்ணைக்கும் தங்கச்சிக்கும் இடையில என்ன பேப்பர்?" என்றார். ஓமோம் என்று நானும் சிரித்தேன். ஒரே ஊர், ஒரே கோயில், அவருடைய மகளின் கலியாண பிளவுஸே நான் தைத்தது. பேப்பர் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? இங்கே பிறந்த பிள்ளையென்றால் நேரே லோயரிடம் போயிருக்கும்.

சச்சி அண்ணையும் ஓமென்று போட்டார், வாக்கெடுப்பு வென்றது. விளக்கு வந்தது. மரங்களில் சின்னச் சின்ன பல்புகள், நடைபாதையில் பூச்சட்டிகள். சுவிச்சைப் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். தெரு பளிச்சென்று எரிந்தபோது மஃரூப் நானாவின் கண் கலங்கியது. சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே அவர் எழும்பி, இந்தப் பிள்ளை நடந்த நடைக்கு இவளுடைய பெயரில் ஒரு வாங்கு போட வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கட்டடக்காரர் என்ற முறையில் சச்சி அண்ணையும் அங்கேதான் இருந்தார், அவரும் தட்டினார்.

அந்தத் தீபாவளிக்குக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. இருட்டின பிறகும் பெண்கள் வந்தார்கள், நின்று கதைத்தார்கள். கடை எழும்பிவிட்டது. நான் வென்றுவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில் சச்சி அண்ணை கடைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. முகட்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு வெளியே மரத்து விளக்குகளைப் பார்த்தார்.

"நாய்க்கு மயிர் வெட்டுற கொம்பனி ஒண்டு இந்த இடத்தைக் கேட்டு வந்திருக்கு தங்கச்சி. நீர் தாறதிலும் பார்க்க ரெண்டு மடங்கு தருவினமாம்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவருடைய முகத்தில் சிரிப்பில்லை. கையில் பிடித்திருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணை, நான் எங்க போறது?"

"அவையளின்ர விலையை நீர் தந்தால் நீரே இரும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லையே. இல்லாட்டி வாற மாதம் முடியக் கடையை விடும்."

"என்ன கதைக்கிறியள்? இந்தத் தெருவை நான் நடந்து நடந்து..."

"ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன். தெரு வடிவாயிருந்தால் கட்டடத்துக்குப் பெறுமதி ஏறும் எண்டு நீர்தானே என்ர வீட்டில வந்து சொன்னனீர்? சொன்ன மாதிரியே ஏறிப்போச்சு. கெட்டிக்காரி நீர்." உண்மையிலேயே பாராட்டுகிற மாதிரித்தான் சொன்னார். "கோவியாதையும், என்ன?"

ஐயோ கடவுளே! என் வாயால் சொன்னதை என் கையிலேயே தந்துவிட்டுப் போனார் மனுசன். மேசைக்கு அடியில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். றமேஸ் பிறகு ஒரு லோயரிடம் கேட்டார். பேப்பர் இல்லையென்றால் ஒன்றும் செய்ய ஏலாது என்று அவர் சொல்லிவிட்டார். மாசி முடிய என் மெசின்கள் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றுக்கு வந்தன. நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. வெட்கமென்றால் வெட்கம். கடை போனை நிற்பாட்டினேன், தேடி வந்தவர்கள் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் ஒரு பின்னேரம் வீட்டு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அங்கிள் நிக்கிறாரோ?" ஒரு பெண் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் அஜக்ஸிலயிருந்து பிரதீபா. அன்ரியிட்டத் தைக்கிறனான். நான் இப்பதான் பார்த்தனான். செத்த வீடு முடிஞ்சுதோ எண்டு அங்கிளிட்டக் கேக்கவேணும்."

"ஆர் செத்தது?"

"யோகராணி அன்ரி."

ஒரு கணம் நான் என்னையே தொட்டுப் பார்த்தேன்.

"பிள்ளை, நான் யோகராணிதான் கதைக்கிறன்!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு அழுகையும் சிரிப்புமாகக் கதை வந்தது. என் கடை இருந்த இடத்தில் நாய்க் கடை, முன்னால் புது வாங்கு ஒன்றில் என் பெயர். பித்தளைத் தகட்டில், 'யோகராணிக்கு என்றும் நன்றியுடன்.' இந்த நாட்டில் வாங்கில் யாருடைய பெயர் போடுவார்கள்? செத்தவர்களுடைய பெயர்தானே. "எல்லாரும் பூ வைச்சிருக்கினம் அன்ரி, நானும் வைச்சிட்டன்" என்றாள்.

றமேஸ் தடுக்கத் தடுக்க பஸ் எடுத்துப் போனேன். சொன்னது உண்மை. வாங்கு நிறையப் பூ. கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரிகூட இருந்தது. மஃரூப் நானா கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார். "தங்கச்சி, தகடு செய்து வர இவ்வளவு நாளாச்சு. நான் நல்லதுக்குத்தானே..." என்று முகத்தைத் துடைத்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அந்த வாங்குக்கான மேல்வரியில் என் வாடகைக் காசும் கிடந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பூக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வாங்கில் என் பெயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சச்சி அண்ணையின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தவர் ஒருக்கால் வெளிறித்தான் போனார். பிறகு சமாளித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"நல்ல காலம் நீர் வந்தது. நாய்க் கடைக்காரர் போன் பண்ணித் திட்டுகினம். வாசலில செத்த வீடு மாதிரிப் பூ கிடந்தால் ஆர் வருவினம்? உந்தச் சனத்திட்ட ஒருக்காச் சொல்லும் தங்கச்சி, எடுக்கச் சொல்லி."

"செத்தவள் எப்பிடியண்ணை சொல்லுறது?"

அவர் காரில் ஏறிப் போனார்.

இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் எரிந்தன. எவ்வளவு வெளிச்சம்! என் பழைய கடையின் கண்ணாடிக்குள் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. என் மெசின் இருந்த மூலையில் ஒரு வெள்ளை நாயை மேசையில் ஏற்றி மயிர் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கையில் பூவோடு வந்தாள், என்னைக் கண்டதும் அலறிக்கொண்டு பின்னால் போனாள். பயப்படாதே பிள்ளை, வந்து இரு என்று வாங்கில் அவளுக்கும் இடம் விட்டுத் தள்ளி இருந்தேன்.