திருப்பிப் போட்ட தண்டவாளம்

அண்டா சாய்ந்தபோது சகாயம்மாள் கொடியில் நூலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டுத் திரும்பினாள். கொதிக்கிற சோப்புத் தண்ணீர் தமிழ்ச்செல்வியின் கால்களில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆரணியில் அந்தச் சாயப்பட்டறையில் பட்டு நூலை வேகவைத்துப் பசை போக்குகிறவர்கள் அவர்கள் இருவரும்தான். அடுப்பின் குறுக்கே இரண்டு பழைய தண்டவாளத் துண்டுகள், அவற்றின்மேல் இடுப்பளவு செப்பு அண்டா. அடியில் ஓயாத நெருப்பு, மேலே இறங்காத பாரம். இரும்பு ஒரேயடியாக ஒடிந்துவிடவில்லை. பழுக்கப் பழுக்க, கண்ணுக்குத் தெரியாமல், வருஷக்கணக்கில் மயிரிழை மயிரிழையாகத் தொய்ந்தது. அண்டாவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நிற்பதைப் பார்த்துத்தான் சகாயம்மாளுக்கே தெரிந்தது. முதலாளி திருமலையிடம் சொன்னாள். அவர் அடியில் ஒரு செங்கல் சில்லைச் செருகினார். மறுபடி சொன்னாள். இன்னொரு சில்லு.

“இரும்புமா அது. நம்ம காலத்துக்கு அப்பறமும் நிக்கும்,” என்று சிரித்தார்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். “திடீர்னு ஆயிடுச்சி. யாரு இன்னா பண்ண முடியும்?” என்றார். தமிழ்ச்செல்வியின் அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள். சகாயம்மாளுக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. திடீரென்றா? தினம் தினம் வளைந்தது திடீரென்றா? உள்ளே அந்தப் பெண்ணின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சகாயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பட்டறையில் அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தாள். அதே தண்டவாளம். தொய்ந்த வயிறு மேலே வரும்படி திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் சில்லு கொடுத்திருந்தார்கள்.

“பாத்தியா? இனிமே வளைஞ்சா நேராத்தான் ஆவும்,” என்றார் திருமலை.

சகாயம்மாள் பக்கத்திலிருந்த குடத்தைத் தூக்கி நெருப்பில் கொட்டினாள். புகை குப்பென்று எழுந்தது.

“இன்னா பண்ற நீ? முகூர்த்தத்துக்கு நூல் போவணும்!”

“சொல்லிகினே இருந்தேன். நீங்க கல்லு வச்சிகினே இருந்தீங்க.”

“பேஜார் பண்ணாத. வேற வாங்கிக்கலாம்.”

“எப்போங்க? இன்னொருத்தி கால் வெந்தப்பறமா?”

சாயம் முக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வெதுவெதுத்த தண்ணீரைக் கவிழ்த்து, அண்டாவை இறக்கி, வாசலைத் தாண்டித் தெருவுக்கு உருட்டினார்கள். தேவிகாபுரம் பஸ் பிரேக் போட்டு நின்றது.

“இன்னாமா, வழி வுடுங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

சகாயம்மாள் அண்டாவைக் கவிழ்த்து, கரிபிடித்த அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். செம்பின் சூடு புடவையைத் தாண்டி ஏறியது. ஊதாவும் சிவப்புமான கைகள் அவளைச் சுற்றி நின்றன. பின்னால் இன்னொரு பஸ் வந்து ஹாரன் அடித்தது.