செவெரினோவின் மிச்சத் தண்ணீர்

என் மாமனார் செவெரினோவுக்குக் கைபேசியில் பேசத் தெரியும், திட்டத் தெரியும். வேறொன்றும் தெரியாது. அதனால் அவருடைய பாசனத் தண்ணீரை வாங்குவது, விற்பது, வாய்க்காலில் திறந்துவிடச் சொல்லிப் பதிவு செய்வது எல்லாம் என் பொறுப்பு. டவுனில் நான் நடத்தும் சலூனில், யாராவது ஒருத்தி தலையில் சாயம் ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேலையை முடித்துவிடுவேன்.

சிட்னிக்கு மேற்கே எங்கள் மரம்பிட்ஜி ஆற்றுப் பக்கத்தில் கோடை டிசம்பரில் தொடங்கும். அந்த வருஷக் கோடை யாருக்கும் நல்லதாக இல்லை. அணையில் இருக்கும் இருப்பைப் பார்த்து, ஒவ்வொருவருடைய உரிமைக்கும் இவ்வளவு தண்ணீர் என்று அரசு ஒதுக்கும். வசந்தத்தில் குறைவாக ஆரம்பித்தாலும் ஜனவரிக்குள் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வழக்கம். அதை நம்பித்தான் எதிர்ப் பண்ணை காலின் ஹேலோரன் தன் பங்குக்கு மீறி நெல் விதைத்திருந்தார். அந்த வருஷம் கூட்டவே இல்லை. அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு வந்தது. எல்லாவற்றிலும் பழைய எண்தான். வெயில் மட்டும் கூடிக்கொண்டே போனது.

இது போதாதென்று பிப்ரவரி தொடக்கத்தில் காலின் வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். முழுப் பண்ணையும் அவர் மனைவி நெரிடாவின் தலையில் விழுந்தது.

நெரிடா நல்ல உயரம், கணீர்க் குரல். தண்ணீரில் மிதக்கும் வாத்துகளை அதட்டினாலே பாதி ஓடிவிடும். அப்படிப்பட்டவளுக்கு அந்த மாதத்தில் பேச்சே குறைந்து போனது. அவளுடைய ஐந்து வயல்களிலும் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரம். இன்னும் ஒரு நிரப்பு நிரப்பினால் மணி முற்றிவிடும், பிறகு வடித்துவிட்டு அறுப்புக்குக் காத்திருக்கலாம். அந்த ஒரு நிரப்புக்குத் தண்ணீர் இல்லை. கணக்கு காலியானால் எங்கள் வாய்க்காலில் மடை திறக்காது. எல்லாம் தானாக இயங்கும் மடைகள். கெஞ்சினாலும் அசையாது, உதைத்தாலும் அசையாது.

சந்தையில் வாங்கலாம் என்று அவளும் பார்த்தாள். ஆனால் பருவம் முடியும் நேரத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பாதாம் தோட்டக்காரர்கள் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு விலை போடுவாள். அதைத் தாண்டி இன்னொருவர் போட்டுவிடுவார். விட்டுப் பிடிக்கலாம் என்று ஒரு நாள் பொறுத்தால் மறுநாள் இன்னும் ஏறியிருக்கும்.

எங்களிடம் மிச்சம் இருந்தது. அது நெரிடாவுக்கும் தெரியும். செவெரினோ டிசம்பரில் ஒரு துண்டு நிலத்துப் பழைய ஆரஞ்சு மரங்களைப் பிடுங்கியிருந்தார். அதற்கென்று வாங்கிய தண்ணீர் அப்படியே கணக்கில் நின்றது. ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

விஷயம் இதுதான். ஆறு வற்றாமல் ஓட அதிலேயே விடுவதற்காக அரசு விவசாயிகளிடமிருந்து நிரந்தரத் தண்ணீர் உரிமையை விலைக்கு வாங்கிய சமயத்தில் செவெரினோ தன்னுடையதை விற்றுவிட்டார். அன்றிலிருந்து வருஷா வருஷம் சந்தையில் வாங்கித்தான் ஆரஞ்சுக்குப் பாய்ச்சுகிறார். உரிமையே இல்லாதவர் மிச்சத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. இப்படி ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனால் வாய்க்காலைப் பராமரிக்கிற செலவு, மீதி இருக்கிறவர்கள் தலையில் ஏறும் என்று ஊருக்கே கோபம். மண்டபத்தில் கூட்டம் போட்டபோது காலின் எழுந்து மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும், "உங்கப்பன் கையால வெட்டின வாய்க்கால்டா இது. அதையே காசாக்கிட்டியே" என்றார். என் மாமனார் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை நெரிடா எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அங்கே நடந்ததை இருவரும் பிறகு என்னிடம் சொன்னார்கள். என் மாமனார் பழப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"காலின் அனுப்பினானா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடையாத பக்கத்து இடுப்பையும் உடைச்சுக்குவார்."

"அப்ப நீயா வந்திருக்கே."

"நானாத்தான் வந்தேன் செவெரினோ. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. உங்க மிச்சத் தண்ணிய எனக்குக் கொடுங்க. என்ன விலையோ கொடுத்துடறேன். இந்த வாரம் பாயலேன்னா அத்தனையும் பதராப் போயிடும்."

செவெரினோ குழாயை மூடினார். "அடடா, நேத்து வந்திருக்கக்கூடாதாம்மா? லொரெட்டாவ விட்டுச் சந்தையில போடச் சொல்லிட்டேனே."

லொரெட்டா என்பது நான். முந்தைய நாள் சாயங்காலம்தான் முழுவதையும் விற்பனைக்குப் போட்டிருந்தேன். நல்ல விலை. வசந்தத்தில் வாங்கியதைப் போல் மூன்று மடங்கு. அந்தப் பணத்தில் சொட்டுநீருக்குப் புதுப் பம்பு வாங்குவதாக நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம்.

என்னைக் கைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள். சலூனில் இருக்கும்போது கைபேசியைச் சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் போட்டுவிடுவது என் வழக்கம். மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றதும் செவெரினோ, "வா, ஏறு" என்று தன் பழைய வண்டியை எடுத்தார்.

டவுனுக்கு அரை மணி நேர ஓட்டம். பாதி வழியில் நெரிடாதான் கேட்டாளாம்.

"பத்து வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். எதுக்கு அன்னைக்கு உரிமைய வித்தீங்க? உங்களுக்கு அப்படி ஒண்ணும் பணமுடை இல்லையே."

செவெரினோ சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "என் தம்பி தன் பங்கக் காசாக் கேட்டான். சிட்னியில வீடு வாங்கணும்னான். நிலத்த வெட்டிக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் பிரயோஜனமில்ல. தண்ணிய வித்து அவனுக்குக் கொடுத்தேன், மண்ண நான் வெச்சுக்கிட்டேன்."

"கூட்டத்துல இதச் சொல்லியிருக்கலாமே!"

"ஊர் முன்னாடி என் தம்பியக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்றியா?"

நெரிடா அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சலூன் கதவு அடித்துக்கொண்டு திறந்தபோது நான் மிஸஸ் குவில்டியின் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்தேன். தலை முழுக்க வெள்ளித்தாள். முன்னால் என் மாமனார், ரப்பர் பூட்சோடு. பின்னால் நெரிடா ஹேலோரன். சேர்ந்து வரக்கூடாத இரண்டு பேர் சேர்ந்து வந்ததைக் கண்ணாடியில் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"அந்தத் தண்ணிய நிறுத்து!" என்றார் செவெரினோ.

"எந்தத் தண்ணிய மாமா? குழாய் மூடித்தானே இருக்கு?"

"விக்கப் போட்டியே, அத! நெரிடாவுக்கு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "மாமா, பம்பு வாங்கணும்னு சொல்லித்தானே போட்டோம்?"

"பழைய பம்பு இருமிக்கிட்டே ஓடுது. நானுந்தான் இருமிக்கிட்டு ஓடறேன். என்னைத் தூக்கிப் போட்டுட்டியா? எடு போன!"

இழுப்பறையை இழுத்துக் கைபேசியை எடுத்தேன். கையில் சாய உறை. திரை உறைக்கு அசையவே இல்லை. நெரிடா என் தோளுக்கு மேலே குனிந்து நின்றாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. கடைசியில் உறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். கசந்தது. திரையைத் திறந்து பார்த்தால், பாதி போய்விட்டிருந்தது. காலையில் யாரோ கீழ்ப்பக்கத்து ஆள் வாங்கியிருந்தார்.

"போச்சா?" என்றாள் நெரிடா. அந்தக் கணீர்க் குரலா இது என்று இருந்தது.

"பாதி போச்சு. இருங்க, பேசாதீங்க."

மிச்சத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினேன். திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது. டவுனுக்குள் கூட எங்களுக்கு இணைப்பு அவ்வளவுதான். என் கண் முன்னால் பம்பும் வந்து போனது, பொய் சொல்வானேன். ஆனால் நெரிடாவின் கை மிஸஸ் குவில்டியின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். கரையில் களை பிடுங்கிப் பிடுங்கி விரல் முட்டியெல்லாம் வெடித்திருந்தது. வட்டம் நின்றால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

நின்றது. திரும்ப வந்துவிட்டது.

"வந்துடுச்சு" என்றேன். நெரிடா அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். செவெரினோ என்ன செய்வதென்று தெரியாமல் என் துவாலை ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"இந்தப் பாதி போதுமாம்மா?"

"நாலு வயலுக்குப் போதும்" என்றாள் துடைத்துக்கொண்டே. "கடைசி வயல் போனாப் போகுது. அது மேட்டு வயல், குடிச்சுக்கிட்டே இருக்கும். விலையச் சொல்லுங்க. சந்தை விலை என்னவோ அதக் கொடுக்கறேன்."

"நான் வாங்கின விலையக் கொடு."

"அதெல்லாம் வேணாம். பிச்சையா எடுக்கறேன்?"

"வாங்கின விலைக்கு மேல ஒரு காசு வாங்கினேன்னா, உன் புருஷன் செத்தாலும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து மைக் புடிச்சுத் திட்டுவான். எனக்கு அது தேவையா?"

அப்போதுதான் மிஸஸ் குவில்டி வாயைத் திறந்தார். "எனக்கு நெல்லும் தெரியாது, தண்ணியும் தெரியாது. ஆனா என் தலை எரியுது லொரெட்டா!"

ஓடிப்போய்க் கழுவினேன். நினைத்ததைவிட இரண்டு சாயல் வெளுத்துப் போயிருந்தது. நல்ல வேளையாக அது அவருக்குப் பிடித்துவிட்டது.

அன்றைக்கே தண்ணீர் நெரிடாவின் கணக்குக்கு மாறியது. வாய்க்காலில் அவள் முறை வர சனிக்கிழமை ஆகும் என்றார்கள். நடுவில் வெள்ளிக்கிழமை அவள் காலினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாளாம். அவர் தட்டில் இருந்த ஆட்டுக்கறியைக் கத்தியால் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, "தம்பிக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த மடை திறப்பதைப் பார்க்க என் மாமனார் கிளம்பிவிட்டார். எனக்கும் சலூன் பாதி நாள்தான் என்பதால் கூடப் போனேன். போனால், காலின் நான்கு கால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு கரை மேல் நிற்கிறார். நெரிடா பின்னாலிருந்து அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கரையிலதான் வழுக்கினே. புத்தி வந்துச்சா?" என்றார் செவெரினோ. பத்து வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

"வழுக்கினது கால்டா. புத்தி அப்படியேதான் இருக்கு" என்றார் காலின்.

"அதான் கவலையா இருக்கு."

மடையின் மோட்டார் முனகியது. தகடு மெதுவாக மேலே ஏறியது. முதலில் நுரையும் குப்பையுமாக ஒரு வீச்சு. பிறகு பழுப்பு நிறத்தில் தடித்த தண்ணீர், வெடித்துக் கிடந்த முதல் வயலுக்குள் புரண்டு போனது. வெடிப்புகள் கொப்பளித்துக் காற்றை விட்டன. எங்கிருந்துதான் வந்ததோ, அரிவாள் மூக்கன் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கின. நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னைக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தார் காலின்.

"பேசினே. மைக் வேற ரொம்ப நல்லா வேலை செஞ்சுது."

"விஷயத்த ஏன்டா எங்கிட்டயாவது சொல்லல? நான் என்ன வெளியாளா?"

"நீ கேட்டியா?"

காலின் ஊன்றுகோலைக் கொஞ்சம் நகர்த்தி ஊன்றினார். "கேட்டிருக்கணும்" என்றார் பிறகு. "வீட்டுக்குள்ள வா. நெரிடா காப்பி போடுவா."

"அவ போடற காப்பி உன் வாய்க்கால் தண்ணி மாதிரியே இருக்கும். வீட்டுல இருந்து நல்ல காப்பித்தூள் எடுத்துட்டு வரேன், இரு."

மார்ச்சில் வயலை வடித்தார்கள். கடைசி வயல் சொன்னபடியே போய்விட்டது. அதில் ஆட்டை விட்டார்கள். மற்ற நான்கும் ஏப்ரலில் நல்ல அறுப்பு. மணி குண்டு குண்டாக விழுந்தது. கடைசி லாரி சேமிப்புக் கிடங்குக்குப் போன அன்று, மழை மேகம் மேற்கே திரண்டுகொண்டிருந்த நேரத்தில், நெரிடா என்னைக் கைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் என் மாமனாரும் காலினும் அடுத்த வருஷம் எவ்வளவு விதைப்பது என்று சண்டை போடுவது கேட்டது.

"லொரெட்டா, எல்லாம் உள்ள போயாச்சு. நனையறதுக்கு ஒரு நெல்மணி கூட வெளியில இல்ல" என்றாள். "நாளைக்கு நான் நாள் பூராத் தூங்கப்போறேன். எவனாவது தண்ணி, விலைன்னு கூப்பிட்டான்னா, நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிடு."