கம்பெனி வேற, மருந்து ஒண்ணுதான்

என் வயிற்றுவலிக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. இந்த வயதில் குழந்தைகள் நடக்கத் தொடங்கிவிடும். ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் "நார்மல்" என்று தேறிவிட்டேன். செமஸ்டரில்கூட இப்படி ஒரே மூச்சில் தேறியதில்லை.

"மாமே, நாளைக்கி லேப் எக்ஸாம், இன்னிக்கே வலி வந்துகீதா? டைமுக்கு டான்னு வர்றது உன் வலி மட்டுந்தான்டா," என்றான் கல்லூரியில் என் பக்கத்தில் உட்காரும் முகமது ஆசிக்.

ஆசிக் நம்பாவிட்டால் போகிறது. வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பா ஆவடி தொழிற்சாலையில் ஷிப்டு பார்ப்பவர். தனக்கு பிபி இருப்பதையே இன்னும் முழுதாக நம்பாதவர். மிச்சம் அம்மா லோகநாயகி. அதனால் பூந்தமல்லியில் டாக்டர் மைதிலியைப் பார்க்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"நடிக்கலையே டாக்டர்?" என்று என் எதிரிலேயே கேட்டாள்.

"நெஜ வலிங்க. மாசக்கணக்கா வலிச்சா, வலியை அடக்குற ரசாயனமெல்லாம் மூளையில மாறிடும். வயிறு மெதுவாச் சொன்னாலும் மூளைக்குக் கத்துற மாதிரி கேக்கும். இந்த மாத்திரையை மனச்சோர்வுக்கும் குடுப்போம். இவருக்கு வலிக்காகத்தான், கொறஞ்ச அளவு."

அம்மா தலையாட்டினாள். அவள் ஆட்டிய அழகில் நெகிழ்ந்துபோய், வெளியே வந்ததும் ஸ்ட்ராங் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அப்பாவின் பிபி மாத்திரைக்காக வீட்டில் ஏழு அறை கொண்ட டப்பா ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் அம்மாதான் நிரப்புவாள். என் மாத்திரையும் அதில் குடியேறியது. முதல் வாரம் சின்னதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. இரண்டாம் வாரம் பெரிய கேப்சூலாகிவிட்டது.

"சரவணக்குமார் மெடிக்கல்ல ஸ்டாக் இல்லையாம். கம்பெனி வேற, மருந்து ஒண்ணுதான்," என்றாள்.

மருந்துக்கடை வாசலில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? விழுங்கினேன். மூத்திரம் பளீரென்று மஞ்சளானது. சரி, ரசாயனம் மாறுகிறது என்று அறிவியல்பூர்வமாக மகிழ்ந்தேன். வலியும் குறைந்தது. பத்துக்கு ஏழாக இருந்தது நாலானது. ஒருநாள் நான்கு தோசை சாப்பிட்டேன்.

ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் சொன்னபோது அவருக்கும் மகிழ்ச்சி.

"வாய் காயுதா? தூக்கம் தள்ளுதா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"ஒண்ணுமேவா? மாத்திரையைக் காட்டுங்க."

டப்பா அம்மாவின் பையில் இருந்தது. கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தாள். டாக்டர் கேப்சூலைத் திருப்பிப் பார்த்தார். "இது பி காம்ப்ளெக்ஸ்."

அம்மா சுவரிலிருந்த காலண்டரைப் படித்தாள்.

"சரவணக்குமார்ட்ட கேட்டேன் டாக்டர். மனநோய்க்குக் குடுக்கிறதுன்னுட்டான். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

எனக்கு இருபது வயது, மூன்று அரியர். பெண் தர மறுக்க அதுவே தாராளம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொன்னா நீ ஒத்துக்குவியாடா?" என்றவள் சட்டென்று டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஆனா கொறஞ்சுச்சுல்ல? வெறும் சத்து மாத்திரைக்கே கொறைஞ்சிருச்சுன்னா, அப்ப..."

முடிக்கவில்லை. வழக்கில் விடுதலையானவள்போல என்னைப் பார்த்தாள்.

"மருந்துன்னு நம்பிச் சாப்பிட்டா மூளையே வலி கொறைக்கிற ரசாயனத்தைச் சுரக்கும்மா. அதனால வலி பொய்யாகிடாது," என்றார் டாக்டர். அம்மாவின் காது முதல் வாக்கியத்தோடு கடையை மூடிவிட்டது.

அவள் ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பதினான்கு மாதம் என்னை வதைத்த மூளை, தேர்தல் நேரத்தில் அம்மா கட்சிக்குத் தாவிவிட்டதே!

கீழே மருந்துக்கடையில் இளஞ்சிவப்பு மாத்திரையை நானே வாங்கினேன். பழக்கதோஷத்தில் அம்மா கை நீட்டினாள். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்தாள்.

ஆவடி பேருந்தில் அவள் முன்னால், நான் கடைசி வரிசையில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வலி ஒரு படி ஏறியது. கூட்டத்துக்கு நடுவே அம்மா திரும்பி, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "வலிக்குதா?" என்று உதட்டசைவில் கேட்டாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

இல்லை என்று தலையாட்டினேன்.