பதிமூன்று ஐம்பது

ஐந்தரை மணி நேரம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் திண்டுக்கல் கல்லூரி மாடியில் சூரியனின் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஆன்டெனா இருக்கிறது. வாங்கியவர் துறைத்தலைவர் பொன்னுத்துரை சார், பார்த்துக்கொள்வது நான். கணினியின் நேரத்தைச் சுவர்க்கடிகாரம் பார்த்துத்தான் திருத்துவோம். இதுவரை பிடித்ததெல்லாம் பக்கத்து வெல்டிங் பட்டறையின் இரைச்சல்.

இன்று கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வந்தது. சார் திரையில் அழகான சூரிய ரேடியோ வெடிப்பு ஒன்றைக் காட்டினார். மூலையில் 13:50 என்று நேரம். அடியில் அவர் பெயர், அதன் கீழே என் பெயர். அந்தத் தேதியில் எங்கள் பதிவில் சிக்னலே இல்லாத வெறும் நீலம்தான். படம் வெளிநாட்டு நிலையம் ஒன்றின் இணையதளத்தில் சுட்டது.

"செத்த நேரம் வாய மூடிட்டு நில்லு தாயி," என்று காலையிலேயே சொல்லியிருந்தார். "அடுத்த வருசமும் வேலை வேணும்ல?" போண்டா தின்ற விரலை அச்செடுத்த படத்தில் துடைத்தார். சூரியனின் மேல் எண்ணெய் பரவியது.

குழுவில் வந்த சொர்ணலட்சுமி மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இது எப்படி உண்டாகுது?"

தரையைப் பார்த்துச் சொன்னேன். "சூரியன்ல காந்தக் கோடுக அறுந்து சேரும்போது எலெக்ட்ரான்க கூட்டமா வெளிய பாயும். வழியில இருக்கற பிளாஸ்மா அதிரும். அந்த அதிர்வுதான் ரேடியோ அலையாகுது. தூரம் போகப்போக பிளாஸ்மா அடர்த்தி குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். அதான் படத்துல கோடு சரிஞ்சிருக்கு. அலை எட்டு நிமிசத்துல இங்க வந்துரும். எலெக்ட்ரான்க பின்னாடிதான் வரும்."

"அட, புள்ளைக்குப் பேச்சு வருதே!" சார் சிரித்தார். பல்லிடுக்கில் கறிவேப்பிலை.

"வழியில எதுவும் மறைக்காதா?"

"பூமியே மறைச்சாத்தான் மேடம்."

"எப்பப் பதிவாச்சு?"

"மதியம் ஒண்ணு அம்பது," சார் முந்திக்கொண்டார். "வெயில் மண்டையப் பொளந்துச்சு மேடம். நானும் இந்தப் புள்ளையும் மாடியிலதான நின்னோம். என்னம்மா?"

மேடம் பேனாவைத் திறந்தார். சாரின் பிசுபிசுத்த கை என் தோளில் விழுந்தது. நகர்ந்து நின்றேன்.

"நிக்கல சார். படத்துல இருக்கறது வெளிநாட்டு நிலையம் போடற உலக நேரம். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி. அப்ப இங்க ராத்திரி ஏழு இருபது. திண்டுக்கல்லுல சூரியனே இல்ல."