இடது ஜன்னலா, வலது ஜன்னலா

"இடது பக்க ஜன்னல்தான் வேணும் தம்பி" என்று பெரியவள் மூன்றாவது முறையாகச் சொன்னாள். விமான நிலையக் கவுன்ட்டர்க்காரன் முதலில் சிரித்தான், பிறகு பெருமூச்சு விட்டான், கடைசியில் இடது பக்கம் காலியில்லை என்று வலது ஜன்னலைக் கொடுத்து அனுப்பிவிட்டான். பெரியவள் அசரவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் போகாத கறையையே போக வைத்தவளுக்கு ஒரு ஜன்னல் எம்மாத்திரம்? உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தாள்.

அவளும் தங்கை சின்னவளும் நடத்தும் சலவைக்கூடம் விமான நிலைய வேலியை ஒட்டி இருக்கிறது. விரிப்புகளை மொட்டை மாடியில்தான் காயப்போடுவார்கள். விமானம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் கிளம்பும் என்பது துணி காயும் கொடியைப் பார்த்துப் பார்த்தே இருவருக்கும் அத்துப்படி. விரிப்புகள் ஓடுபாதையை நோக்கிப் படபடத்தால், விமானம் சலவைக்கூடத்துப் பக்கமாகக் கிளம்பி, மாடியைத் தன் இடப்பக்கம் விட்டுவிட்டு மேலே ஏறும். இன்று விடிந்ததிலிருந்து அப்படித்தான் படபடத்தன.

மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு வருஷம் அவளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று பெரியவள் சொன்னதும் சின்னவள் கொதித்துப்போனாள். "மெஷினையும் என்னையும் அம்போன்னு விட்டுட்டுப் போறவ போய்க்கிட்டே இரு. உன்னை வழியனுப்ப நான் மாடிக்குக்கூட ஏற மாட்டேன்." அதுதான் கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. காலையில் பெட்டியைத் தூக்கியபோதும் இஸ்திரி மேசையிலிருந்து நிமிரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. சின்னவள் மாடிக்கு வருகிறாளா இல்லையா, அதைக் கண்ணால் பார்க்காமல் பெரியவள் இந்த ஊரைவிட்டுப் போவதாக இல்லை.

விமானத்தில் இடது ஜன்னலோரம் ஒருவர் கழுத்தைச் சுற்றித் தலையணையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"சார், தூங்கறதுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன சார்? அந்தப் பக்கம் என் ஜன்னல் இருக்கு, போய் நிம்மதியாத் தூங்குங்க."

தலையணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறினார். பெரியவள் வெற்றியோடு உட்கார்ந்து வெளியே பார்த்தாள். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்று கம்பத்தில் தொங்கும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துவண்டு, நேர் எதிர்ப்பக்கம் திரும்பி உப்பிக்கொண்டது. அவளுக்குப் பகீரென்றது.

இனி விமானம் மாடிப்பக்கம் பறக்காது. சலவைக்கூடத்து வேலி வரைக்கும் உருண்டு வந்து, திரும்பி, எதிர்த்திசையில் கிளம்பும். திரும்பும்போது வேலிக்கு வலது விலாவைக் காட்டும். சின்னவள் மாடிக்கு வந்திருந்தால் கொடியைப் பார்த்ததுமே வேலிக்கு ஓடியிருப்பாள்.

வந்திருந்தால்தானே! பெரியவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இங்கேயே இருந்துவிட்டால், அவள் வந்திருப்பாள், நமக்குத்தான் தெரியவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் போய் வெறும் வேலியைப் பார்த்துவிட்டால் இரண்டு வருஷமும் அது கண்ணைவிட்டுப் போகாது. ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"சார்..."

"இப்ப என்னம்மா?"

"என் ஜன்னலைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேலியைப் பாக்கணும்."

"வேலியில என்னதான் இருக்கு?" தூக்கம் கலைந்த கோபத்தில் அவர் ஜன்னலை விட்டாரே தவிர அங்கிருந்து போகவில்லை; பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் அதிலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

விமானம் உருண்டது. வேலி நெருங்கியது. புதர், பாழடைந்த ஒரு லாரி, மறுபடி புதர். ஆளில்லை. பெரியவள் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டாள். விமானம் மெல்லத் திரும்பியது.

இப்போது அந்த லாரியின் மேல் சின்னவள் ஏறி நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை, தலை கலைந்து கிடந்தது. கை அசைக்கவில்லை. விமானத்தை நோக்கி விரலை நீட்டி நீட்டி, மூச்சு விடாமல் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது? இந்தத் திட்டுத் திட்டுது?"

பெரியவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"என் தங்கச்சி சார்" என்றாள். "எங்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டா."